இரண்டு வாயால் கேட்ட புத்தகம்

எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனபடியால் வீட்டுக்கு வருகிற எந்தத் தாளையும் இரண்டு பேரைக்கொண்டு வாசிப்பிப்பேன். அந்த இரண்டு பேரும் ஒருவரோடொருவர் அவ்வளவாக ஒத்துப்போகாதவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. கவுன்சிலிலிருந்தோ ஆஸ்பத்திரியிலிருந்தோ ஏதும் வந்தால் முதலில் மகள் சிவரூபினி வாசிப்பாள். அவள் வேலைக்குப் போனபிறகு அதே தாளை எடுத்து மருமகனிடம் நீட்டுவேன். இரண்டு வாயும் ஒன்றையே சொன்னால் நம்புவேன். “என்னிலையும் சந்தேகமோ அம்மா?” என்று மகள் கேட்பதுண்டு. ஓம் என்றுதான் சொல்வேன். இப்போது நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளும் அவள்தான். இந்த வரியை விடாமல் எழுதினாளா என்று பிறகு பார்ப்பேன்.

நான் சொல்ல வந்தது பியற்றிஸ் என்கிற பிலிப்பைன்ஸ்காரியைப் பற்றி.

காலையில் வந்து என்னைக் குளிக்கவார்த்து, உடுப்பு மாற்றி, கண்ணுக்கு மருந்து விட்டு, கஞ்சியோ பாணோ தந்துவிட்டுப் போகிறவள் அவள். கெயர் கொம்பனி அனுப்பிய ஆள். எங்கள் வீடு லண்டனில், ஹரோவில். மாடிப்படி ஏற ஏலாமல் போனபிறகு கீழே முன் அறைதான் என் படுக்கை. வாசலால் யார் வந்தாலும் போனாலும் எனக்குத் தெரியாமல் இராது. முதல் நாள் அவள் வந்து, சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்து, கையைக் கழுவி, துவாயை மடித்துப் போட்டாள். அது எனக்குப் பிடித்தது. பிடித்ததாலேயே சந்தேகமும் வந்தது. முதல் நாளிலேயே இவ்வளவு ஒழுங்கு எதற்கு?

சீனிப் போத்தலில் மட்டம் பார்த்து வைத்தேன். அலுமாரிச் சாவியைத் தலையணைக்குள் வைத்தேன். அவள் கஞ்சி வைக்கக் குசினிக்குள் நின்றால் ரீவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காது கொடுப்பேன். அவளுக்கு இதெல்லாம் விளங்கித்தான் இருந்தது. ஒரு நாள் போகும்போது, நான் ஒன்றும் கேட்காமலே தன் கோட்டுப் பைகள் இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டினாள். ஒரு இருமல் மிட்டாயும் கசங்கிய கடதாசியும் விழுந்தன. மிட்டாயை எடுத்து என் கையில் வைத்து, “இது உங்களுடையதோ, லோலா?” என்றாள். லோலா என்றால் அவர்கள் ஊரில் அம்மம்மாவாம். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் சாவியை நான் இடம் மாற்றவில்லை.

அவள் இங்கிலீஷில்தான் கதைப்பாள். கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போதுமான இங்கிலீஷ் எனக்கும் காதில் ஏறியிருக்கிறது. மெதுவாகச் சொன்னால் பிடித்துக்கொள்வேன். மீதியைக் கையாலும் முகத்தாலும் சொல்வாள். முன்பு வெஸ்ட் ஈலிங்கில் ஒரு தமிழ் மனுசியைப் பார்த்தவள் என்பதால் ‘ஓம்’, ‘ஏலாது’, ‘போதும்’ எல்லாம் தெரியும். அவள் சொன்னதை இங்கே எங்களுடைய பேச்சில்தான் சொல்கிறேன்.

மீன் பிடிக்கிற ஒரு தீவில் பிறந்தவளாம். பெற்ற மகனைத் தமக்கையிடம் விட்டுவிட்டுக் குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போய், அந்த வீட்டாரோடு லண்டனுக்கு வந்து, அவர்கள் திரும்பிப் போகும்போது தான் போகாமல் நின்றுவிட்டாள். பிறகு விசா கிடைக்கும் மட்டும் எப்படி இருந்தாள் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் சனத்திலும் அப்படி நின்றவர்கள் இருக்கிறார்கள். நின்ற கதையை யாரும் முழுதாகச் சொல்வதில்லை.

வெஸ்ட் ஈலிங் வேலை எப்படிப் போனது என்று மட்டும் ஒரு நாள் கேட்டேன். அந்த மனுசியின் மகன் செய்த ஒரு காரியத்தை மனுசிக்குச் சொன்னாளாம். மகன் கொம்பனிக்குப் போன் அடித்துச் சொன்னானாம், குடும்ப விஷயத்தில் தலையிடுகிறாள் என்று. அடுத்த கிழமை வேறு ஆள் வந்துவிட்டாளாம். “என்ன காரியம்?” என்று கேட்டேன். “இனி நான் ஒருத்தருக்கும் ஒன்றும் சொல்றேல்ல, லோலா” என்றாள். வாய் காவாதவள் என்று அதையும் ஒரு குறையாகக் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

அவளிடம் ஒரு புத்தகம் இருந்தது. பழையது. ஓரமெல்லாம் மஞ்சள். மட்டையில் நாலு பேர் பிடிக்கிற ஒரு பந்தலும், அதன் முன்னால் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவனும். பஸ்ஸில் வாசித்துக்கொண்டு வந்து என் யன்னல் ஓரத்தில் வைப்பாள். வேதப் புத்தகமாக்கும், மெதுவாக என்னை மாற்றப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். யேசுவைப் பற்றிக் கதைக்க வெளிக்கிட்டால் மகளிடம் சொல்லிக் கொம்பனிக்கு அறிவிப்பேன் என்று நேரேயே சொன்னேன். அவள் என் தலையைத் துவட்டிக்கொண்டு, “இதில யேசு இருக்கிறார்தான். ஆனால் அவருக்கு இதில பெரிசா வேலை இல்லை” என்றாள். பள்ளிக்கூடத்தில் படித்த நாவலாம். ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரே புத்தகமாம்.

எனக்கு ஆவல் வந்துவிட்டது. தலை காயும் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லச் சொன்னேன்.

கதை ஒரு உப்பளத்தில் தொடங்குகிறது. செவரினோ என்று தாய் தகப்பன் இல்லாத ஒரு பெடியனை உப்பு விளைவிக்கிற ஒரு வீட்டார் எடுத்து வளர்க்கிறார்கள். அவர்களுக்குச் சொந்தமாக ஒரு மகன், பென். இரண்டு பேரும் ஒரு பாயில் படுத்து ஒரு கோப்பையில் சாப்பிட்டு வளர்கிறார்கள். செவரினோ கெட்டவனில்லை. வளர்த்த தாய்க்கு விடியமுதல் தண்ணீர் சுமந்து வருகிறவன். ஆனால் ஆட்கள் கூடுகிற இடத்தில் முன்னுக்கு நிற்க வேண்டும் என்று ஒரு ஆசை. அந்த ஊரில் மாதாவுக்குத் திருவிழா வரும். வருஷா வருஷம் ஒரே வீடுதான் அதைப் பொறுப்பெடுத்து நடத்தும். அந்த வீட்டுப் பெரியவர்தான் பந்தலுக்கு முன்னால் நடப்பார். உப்பள வீட்டாருக்கு அந்த உரிமை பரம்பரையாக இருந்தது.

நான் அந்த இடத்தில் அவளை நிறுத்தினேன். இது எங்களுடைய உபயம் அல்லவா என்றேன். கோயில் திருவிழாவின் ஒவ்வொரு நாளையும் ஒவ்வொரு வீடு பொறுப்பெடுப்பதை நாங்கள் உபயம் என்போம். எங்கள் வீட்டுக்கும் ஒன்று உண்டு, அதுவும் தேர்த் திருவிழா என்று பெருமையாகச் சொன்னேன். அவள் துவாயை மடித்துக் கதிரையில் போட்டாள். “தெரியும், லோலா” என்றாள். போன வருஷம் என் வீல்செயாரைத் தள்ளிக்கொண்டு அவள்தானே கோயிலுக்கு வந்தாள் என்று நினைத்து, அந்தச் சொல்லை நான் பெரிதாக எடுக்கவில்லை.

எங்கள் கோயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சொல்ல மாட்டேன், பிறகு கதை வரும். முந்தி நாங்கள் ஆர்ச்வே முருகனிடம் போய் வந்துகொண்டிருந்தோம். பிறகு இந்தப் பக்கத்தில் சனம் கூடியதும், சிவரூபினியின் அப்பாவும் இன்னும் சிலரும் சேர்ந்து ஒரு மண்டபத்தில் பிள்ளையாரை வைத்துத் தொடங்கினார்கள். தேரோட்டம் என்று பேச்சு வந்தபோது, தெருவை மறிக்க வேண்டும், பொலிசிடம் கேட்க வேண்டும் என்று எல்லோரும் பின்வாங்க, அவர்தான் அந்த நாளைத் தலையில் எடுத்தார். அன்றைக்குத் தொடங்கியது ஒரு வழக்கம். தேருக்குச் சாமி புறப்படமுதல் ஐயர் திரும்பி, “இண்டைக்கு ஆருடைய உபயம்?” என்று கேட்பார். அந்த வீட்டு ஆள் பெயரைச் சொல்ல வேண்டும். ஐயர் சாமியின் பக்கம் திரும்பி அந்தப் பெயரைச் சொல்வார். உடனே மேளம் எழும்பும். ஆண்கள் பக்கத்தில் முன்னுக்கு நிற்பவர்களுக்குத்தான் பெயர் கேட்கும். பெண்கள் பக்கத்துக்கு மேளம்தான் கேட்கும்.

அவர் காலமான பிறகு, அந்தப் பெயரை நான் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் கட்டின மனுசனின் பெயரை வாயால் சொல்கிற ஆள் இல்லை. என் தாயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. டொக்டர் கேட்டால்கூட மகளின் முகத்தைப் பார்ப்பேன். எனக்கு ஆண்பிள்ளை இல்லை. மருமகனுக்குக் கோயிலென்றால் கார் நிறுத்த இடம் கிடைக்காத ஒரு இடம், அவ்வளவுதான். அதனால் அவருடைய தம்பி கணேசலிங்கம் தர்ப்பை போட்டு அண்ணைக்குப் பதிலாக நின்றார். ஐயர் கேட்கும்போது பெயரைச் சொல்வதும் அவர்தான்.

மச்சானைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நான் லண்டனுக்கு வந்து இறங்கியபோது குளிர்க்கோட்டோடு வந்து நின்றவர். அண்ணையின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தவறாமல் வந்து, நான் வைக்கச் சொன்ன மீன்குழம்பைச் சாப்பிட்டு, “மச்சாள், உங்கட கைப்பக்குவம் மகளுக்கும் வந்திட்டுது” என்று சொல்லிப் போவார். திருவிழா நோட்டீஸ் வந்தால் அவரே கொண்டுவந்து, அண்ணையின் பெயர் இருக்கிற இடத்தில் விரல் வைத்து வாசித்துக் காட்டுவார். வீட்டுக்கு வருகிற எல்லாத் தாளையும் இரண்டு வாயால் கேட்டேன் என்றேனே, அந்த ஒரு தாளை மட்டும் ஒரு வாயால்தான் கேட்டேன்.

கதைக்கு வருகிறேன். பென் கப்பலில் வேலைக்குப் போனான். போன இடத்தில் இறந்துபோனான். ஊரில் அவனுடைய மனைவி இருந்தாள், கண் தெரியாதவள். திருவிழா வந்தது. வீட்டுக்கு ஆண் இல்லை. செவரினோ பந்தலுக்கு முன்னால் நடந்தான். முதல் வருஷம் பென்னின் பெயரைச் சொல்லச் சொன்னான். பிறகு ஒரு வருஷம் தன் பெயரையே சொல்லச் சொன்னான். ஊர்த் தலைவராக வர வேண்டுமானால் திருவிழா அவனுடைய பெயரில் இருக்க வேண்டும். கண் தெரியாதவள் தெருவோரத்தில் நின்று, தன் மனுசனுக்காக நடக்கிறது என்று நினைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“அவளுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே?” என்று கேட்டேன்.

“தெரிஞ்ச ஆள் ஒன்று இருந்தது, லோலா. அந்த வீட்டில வேலை செய்யிறவள்.”

“அப்ப அவள் ஏன் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டவள்?”

“பயம்” என்றாள். கஞ்சிக் கோப்பையை என் கையில் தந்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கோட்டைப் போட்டாள்.

அந்தக் கதை என்னை விடவில்லை. செவரினோவைத் திட்டினேன், வேலைக்காரியைத் திட்டினேன், இப்படி ஒரு கதை எழுதினவரையும் திட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தபோது அவருக்கும் அதைச் சொன்னேன். அவர் மீன்முள்ளை ஒதுக்கிக்கொண்டு கேட்டார். “பிலிப்பைன்ஸ்காரருக்கு நல்ல கற்பனை மச்சாள்” என்றார். அன்றைக்கு இரண்டாந்தரம் சோறு போட்டுக்கொள்ளவில்லை. வயிறு சரியில்லையாக்கும் என்று இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கச் சொன்னேன். மறுநாள் இதைப் பியற்றிஸுக்கும் சொன்னேன்.

என் காலில் ஒரு ஆறாத புண். அதற்குக் கட்டுப் போட கிளினிக்கிலிருந்து மேரிறோஸ் என்று ஒரு நேர்ஸ் வருவாள். அவளும் பிலிப்பைன்ஸ்தான். ஆனால் பியற்றிஸுக்கும் அவளுக்கும் ஆகாது. தான் படித்த நேர்ஸ், அவள் குளிக்கவார்க்கிறவள் என்று ஒரு எண்ணம். ஒரு நாள் மேரிறோஸ் வந்த நேரம் யன்னல் ஓரத்தில் அந்தப் புத்தகம் கிடந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் தானும் இதைப் படித்ததாகச் சொன்னாள். எனக்கு இரண்டாவது வாய் கிடைத்துவிட்டது, அதுவும் ஒத்துப்போகாத வாய். விடுவேனா? அந்தக் கண் தெரியாத மனுசிக்குக் கடைசியில் என்ன நடந்தது என்று கேட்டேன்.

மேரிறோஸ் கட்டுத் துணியைச் சுற்றுவதை நிறுத்தினாள்.

“எந்தக் கண் தெரியாத மனுசி? இந்தப் புத்தகத்தில அப்படி ஒருத்தரும் இல்லையே.”

பிறகு அவள் சொன்ன கதை வேறு. பென் சாகவில்லை. அவனுக்கு மனைவியும் இல்லை. ஊர்ப் பணக்காரனின் வள்ளம் ஒன்று எரிந்துபோகிறது. பென்தான் எரித்தான் என்று செவரினோ பொய்ச் சாட்சி சொல்கிறான். பென் மறியல்வீட்டில் அடைபடுகிறான். செவரினோ அந்தப் பணக்காரனின் மகளைக் கட்டி, ஊர்த் தலைவராகி, உப்பள வீட்டின் திருவிழாவையும் தன் கைக்கு எடுக்கிறான். கடைசிப் பக்கத்தில் அவன் பந்தலுக்கு முன்னால் நடந்து போகிறான். வளர்த்த தாய் தெருவோரத்தில் நின்று பார்க்கிறாள். எல்லாம் தெரிந்தவள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துகிறாள். அவ்வளவுதான், புத்தகம் முடிந்தது.

“அவள் ஒன்றும் சொல்லேல்லையோ?” என்று கேட்டேன்.

ஒன்றும் சொல்லவில்லையாம். பள்ளிக்கூடத்தில் அந்தக் கடைசிப் பக்கத்தைப் பாடமாக்கச் சொல்வார்களாம், அவ்வளவு நல்ல எழுத்தாம். எனக்கு அது நல்ல எழுத்தாகப் படவில்லை. அந்தத் தாய்க்கு வாய் இருந்ததுதானே? எழுதினவர் அவளுக்குத் தண்ணீர்க் குடம் கொடுத்தார், முக்காடு கொடுத்தார், கதவு கொடுத்தார். ஒரு சொல் கொடுக்க மனம் வரவில்லை. சொல்லியிருந்தால் கதை முடிந்திராது என்று பயந்தாரோ என்னவோ.

ஆனால் அந்த நேரம் என் கோபம் எழுதினவர்மேல் இல்லை. பியற்றிஸ்மேல்தான். இவ்வளவு நாளும் என் தலையைத் துவட்டிக்கொண்டு எனக்குப் பொய் சொல்லியிருக்கிறாள். வாசிக்கத் தெரியாதவளுக்கு எதைச் சொன்னாலும் பரவாயில்லை என்று நினைத்திருக்கிறாள். கதையில் இவ்வளவு துணிவாக மாற்றிச் சொல்கிறவள் மருந்தில் என்ன மாற்றுவாள்? மகளிடம் சொல்லிக் கொம்பனிக்கு அடிக்கச் சொல்வது என்று முடிவெடுத்தேன். ஆனால் அதற்கு முன் நானே கேட்க வேண்டும்.

அடுத்த நாள் காலை அவள் என் காலைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன். மேரிறோஸ் சொன்னதை எல்லாம் சொன்னேன். அவள் மறுக்கவில்லை.

“கண் தெரியாதவள் புத்தகத்தில இல்லை. ஓம். நான்தான் வைச்சனான்.”

“ஏன்?”

“செவரினோ இந்த வீட்டுக்கு வாறவர், லோலா. மீன்குழம்பு சாப்பிடுறவர்.”

பிறகுதான் வாய் திறந்தாள். மச்சான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டு ஆட்கள் முன் அறையில் இருக்க, குசினியில் நின்று தன் மகன் கிரணோடு போனில் கதைத்திருக்கிறார். எனக்கு விளங்கக் கூடாது என்று வேகமாக இங்கிலீஷில் கதைத்திருக்கிறார். அன்றைக்கு வேறு ஆள் வராததால் இவள் ஞாயிறும் வந்து கோப்பை கழுவிக்கொண்டு நின்றிருக்கிறாள். இவளும் ஒரு ஆள் என்று அவருக்குத் தோன்றவில்லை. தேர் இப்போது தன் பெயரில்தான் இருக்கிறது, நோட்டீஸிலும் அப்படித்தான், மச்சாளுக்கு வாசிக்கத் தெரியாது, இந்த வருஷம் கோயில் தலைவர் தெரிவில் அது உதவும் என்று சொன்னாராம். வெஸ்ட் ஈலிங்கில் நேரே சொல்லி வேலை போனது. இங்கே புத்தகத்தின் வாயால் சொல்லிப் பார்த்தாளாம். நான் விளங்கிக்கொள்வேன் என்று நினைத்தாளாம்.

“நீங்கள் செவரினோவைத் திட்டினீங்கள். பிறகு அவருக்கே கதையைச் சொல்லி இஞ்சித் தேத்தண்ணியும் குடுத்தீங்கள்” என்றாள்.

நான் அவளை உடனே நம்பினேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு பொய் சொன்னவள் அதை மூட இன்னொன்று சொல்ல மாட்டாளா? மச்சானை வீட்டைவிட்டுப் பிரித்தால் இவளுக்கு என்ன லாபம் என்று யோசித்தேன். ஒன்றும் தெரியவில்லை. லாபம் தெரியாவிட்டால் எனக்கு இன்னும் பயம். மகளிடம் சொன்னால் அவள் அன்றைக்கே போனை எடுத்துச் சண்டை பிடிப்பாள். பொய்யென்றால் அவரோடு முறிந்தது முறிந்ததுதான். நோட்டீஸை எடுத்து மருமகனிடம் வாசிக்கக் கொடுக்கலாம். ஆனால் அதுவும் இன்னொரு வாய்தானே. பெயர் சொல்கிற இடம் கோயில். அங்கே என் காது போதும். யார் பொய் என்றாலும் என் வீட்டில் ஒரு ஆள் குறையப் போகிறது, அது பியற்றிஸாக இருக்க வேண்டும் என்றுதான் மனம் உள்ளுக்குள் விரும்பியது. அதையும் மறைக்க மாட்டேன்.

தேரன்று மகள் எனக்குக் கூறைச்சேலை மாதிரி ஒன்றைச் சுற்றிவிட்டாள். பியற்றிஸ் லீவு நாளென்றாலும் வந்தாள். மண்டபத்துக்குள் போனதும், வழக்கம்போலப் பெண்கள் பக்கம் தள்ளப் போனவளிடம் ஆண்கள் பக்கத்தைக் காட்டினேன். முன்னுக்குப் போ என்றேன். வீல்செயாரில் இருக்கிற கிழவியை யார் தடுப்பார்கள்? சனம் காலை ஒதுக்கி வழி விட்டது. சந்தனமும் கற்பூரமும் ஈரக் கோட்டும் மணந்தன. மச்சான் பட்டு வேட்டியோடும் தலைப்பாகையோடும் முன்னால் நின்றார். விரலில் தர்ப்பை. அவருடைய முதுகுக்குப் பின்னால் நான் வந்து நின்றது அவருக்குத் தெரியாது.

தீபாராதனை முடிந்தது. தவில்காரர் கம்பைத் தூக்கினார். இப்போதிருக்கிற ஐயர் பிறகு வந்தவர், பழைய ஆட்களைத் தெரியாது. அவர் திரும்பிக் கேட்டார், “இண்டைக்கு ஆருடைய உபயம்?”

மச்சான் கொஞ்சம் குனிந்து, மெதுவாக, ஆனால் தெளிவாகச் சொன்னார்.

“கணேசலிங்கம்.”

என் காதில் விழுந்தது. அந்த நேரம் எனக்கு அந்த உப்பளத்துத் தாய்தான் நினைவுக்கு வந்தாள். முக்காட்டை இழுத்துக்கொண்டு போனாளே, அவள். எனக்கும் சேலைத் தலைப்பு இருந்தது. இழுத்து விட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போவோம் என்று சொல்லியிருக்கலாம்.

“ஐயா, கொஞ்சம் பொறுங்கோ” என்றேன்.

ஐயர் பாதி திரும்பியவர் நின்றார். தவில்காரரின் கை மேலேயே நின்றது. மச்சான் திரும்பி என்னைப் பார்த்தார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து நான் வாயால் சொல்லாத பெயர். சொல்லிவிட்டேன்.

“தேவராசா. இது தேவராசாவின்ர உபயம்.”

பெண்கள் பக்கத்தில் யாரோ யாரையோ பார்த்தார்கள். அவர்களுக்கு நான் உபயத்தைப் பற்றிச் சொன்னதல்ல, அவருடைய பெயரைச் சொன்னதுதான் அதிசயம். மச்சானின் முகம் தலைப்பாகைக்குக் கீழே கறுத்தது. தர்ப்பையைக் கழற்றப் போனார். கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தால் அவருக்கு லேசு. நான் விடவில்லை.

“நில்லுங்கோ மச்சான். உங்கட அண்ணைக்காகத்தானே நிக்கிறியள்.”

அவர் என்னைப் பார்த்தார். ஐயரைப் பார்த்தார். பிறகு சால்வையைச் சரிசெய்துகொண்டு, “ஓம் ஐயா, அண்ணையின்ரதான். தேவராசா” என்றார். ஐயர் பிள்ளையாரின் பக்கம் திரும்பி அந்தப் பெயரைச் சொன்னார். மேளம் எழும்பியது. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

தேர் சுற்றி வந்தபின், வெற்றிலையும் தேங்காயும் வைத்த காளாஞ்சித் தட்டை மச்சான் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. தேங்காயில் பாதியை எடுத்துப் பியற்றிஸிடம் கொடுத்தேன். அவள் அதைக் கோட்டுப் பைக்குள் போட்டாள். பக்கத்தில் நின்ற ஒரு மனுசி, நானே மச்சானுக்கு உபயத்தைக் கொடுத்துவிட்டதாக எல்லோரும் நினைத்திருந்தோம் என்றாள். நோட்டீஸில் பார்த்தோம், குடும்பத்துக்குள் பேசி முடித்திருப்பார்கள் என்று கேட்கவில்லை என்றாள். அவளும் என்னிடம் வந்து போகிறவள்தான். அவளையும் இனிமேல் கவனிக்க வேண்டும்.

மச்சான் தலைவராக வந்துவிட்டார். செவரினோவும் வந்தவன்தானே. அண்ணையின் பெயரைத் தாங்கி நிற்கிற தம்பி என்று அதற்கும் சனம் புகழ்ந்ததாம். கேட்டுச் சிரித்தேன். வரட்டும். எனக்கு வேண்டியது அவருடைய கதிரை இல்லை. தேரன்று சாமிக்கு முன்னால் எந்தப் பெயர் கேட்கிறது என்பதுதான். இனி ஒவ்வொரு வருஷமும் ஆண்கள் பக்கத்தில் முன்னுக்குத்தான் நிற்பேன் என்று ஐயரிடமே சொல்லிவிட்டேன்.

சில ஞாயிற்றுக்கிழமை மச்சான் வரவில்லை. பிறகு ஒரு நாள் ஒரு பை மாம்பழத்தோடு வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன், சோறு போடச் சொன்னேன். இரண்டாந்தரமும் போட்டுக்கொண்டார். அவர் குசினிக்குள் போன் கதைக்கப் போனால் மட்டும் ரீவியின் சத்தத்தைக் குறைக்கிறேன்.

பியற்றிஸ் இப்போது புத்தகத்தை முதலிலிருந்து, எழுதியிருக்கிறபடி சொல்லி வருகிறாள். வள்ளம் எரிகிற இடத்துக்கு வந்திருக்கிறோம். அவள் சொல்வதை, கட்டுப் போட வருகிற மேரிறோஸிடம் கேட்டுச் சரிபார்க்கிறேன். பியற்றிஸுக்கு அது தெரியும். “உங்களுக்கு இன்னும் என்னில நம்பிக்கை இல்லையோ, லோலா?” என்று கேட்டாள். சாவி இன்னும் தலையணைக்குள்தான் இருக்கிறது என்றேன். கடைசிப் பக்கம் வரும்போது அந்தத் தாயை ஒரு சொல்லாவது பேச வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது புத்தகத்தில் இல்லை என்கிறாள். மாற்றிச் சொல்லத் தெரிந்தவளுக்கு இப்போது நேர்மை வந்துவிட்டது.

இவ்வளவையும் மகள் எழுதி முடித்துவிட்டாள். திரும்ப வாசித்தும் காட்டினாள். அவருடைய பெயர் சொன்ன இடத்தில் அவளுடைய குரல் கொஞ்சம் தடுமாறியது, ஆனால் விடாமல்தான் வாசித்தாள். ஆனாலும் ஒரு வாய் போதாது. வருகிற ஞாயிறு மச்சான் சாப்பிட வருவார். சாப்பாடு முடிந்ததும் அவரைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இதை எனக்கு ஒருக்கா வாசிக்கச் சொல்லப் போகிறேன்.